தீவுகளுக்கு நன்னீர் கொண்டுசெல்லும் வழிகள்

நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலத்தைத் தீவு என்பர். அங்ஙனம் நீராற் சூழப்பெற்ற நிலத்தில் வாழ்வார்க்கே குடிக்கும் நீர் அரிதாகிவிடுதல் இயற்கையில் உள்ள முரண்களுள் ஒன்றாகும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே கிடக்கும் தீவுகள் இதற்குத் தக்க சான்று. இவற்றுள் மண்டைதீவும் வேலணையும் புங்குடுதீவும் காரைநகரும் பாலங்களாலும் கடல்வழித் தெருக்களாலும் குடாநாட்டோடு தொடுக்கப்பட்டவை. நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு ஆகியவை படகு வழியாலன்றி அடைய இயலாதவை. தரைவழி முடிந்து கடல்வழி தொடங்கும் எல்லையில், புங்குடுதீவின் மேற்குக் கோடியில் அமைந்திருப்பதே குறிகட்டுவான் இறங்குதுறை. நயினை நாகபூசணி அம்மன் கோயிலுக்கும் நாகதீப விகாரைக்கும் செல்லும் அடியார்களும், நெடுந்தீவு மக்களும், அவர்களுக்கு வேண்டிய அரிசியும் எரிபொருளும் கட்டடப் பொருள்களும் இத்துறை வழியாகவே செல்கின்றன.

இத்தீவுகளுள் ஒன்றில் மிஞ்சும் நன்னீரை மற்றொன்றுக்குக் கொண்டுசெல்லலாமா, கொண்டுசெல்வதாயின் எவ்வழி சிறந்தது என்னும் வினா நெடுங்காலமாகவே எழுந்துவருவது. மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு நீரைக் கொண்டுபோதல் எளிய நீதியாகத் தோன்றும். ஆயின், நீர் எங்கே, எப்போது, எவ்வளவு மிஞ்சுகின்றது என்பதை அறியாமல் குழாய் பதிப்பது, பெட்டியில் உள்ள பணத்தை எண்ணாமற் கடன்கொடுப்பதை ஒக்கும். ஆதலின் முதற்கண் நிலத்தடி நீரின் இயல்பை அறிதல் வேண்டும்.

யாழ்ப்பாணக் குடாநாடும் தீவுகளும் பெரும்பாலும் சுண்ணாம்புக்கற் படையின்மேல் அமைந்தவை. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவும் இங்கு இல்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்கின்றது. அதன் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள வாடைக் காலத்திலேயே விழுந்துவிடும். விழுந்த நீரில் ஒரு பகுதி ஆவியாகும். ஒரு பகுதி கடலுக்கு வழிந்தோடும். எஞ்சியது மணலினூடும் கல்வெடிப்புகளினூடும் நிலத்துக்குள் இறங்கும். ஆனால் நிலத்தின் அடியில் ஏற்கெனவே கடல்நீர் புகுந்து நிற்கின்றது. நன்னீர் இலேசானது, உவர்நீர் கனமானது. ஆதலால், இறங்கிய மழைநீர் உவர்நீரின்மேல் மிதந்து, நடுவில் தடித்தும் கரையோரத்தில் மெலிந்தும் ஒரு வில்லையின் வடிவில் நிற்கின்றது. மூக்குக்கண்ணாடியின் வில்லையை நினைவிற் கொண்டால் இவ்வடிவம் விளங்கும்.

இவ்வுண்மையை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்துப் பொறியியலாளர் பதோன் கைபனும், 1901இல் ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியே கணக்கிட்டுக் காட்டினர். அவர்கள் கண்ட விதி எளியது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடி ஆழத்துக்கு நன்னீர் நிற்கும். இவ்விதியின் மறுபக்கமே அஞ்சத்தக்கது. கிணற்றில் நீர்மட்டம் ஓரடி தாழ்ந்து அந்நிலையிலேயே நின்றுவிடுமாயின், அடியிலிருந்து உவர்நீர் காலப்போக்கில் நாற்பது அடி வரை மேலெழக்கூடும். துலாவினாற் பட்டையை இறக்கி நீர் அள்ளிய காலத்தில் மனிதனின் தோள்வலியே நீருக்கு ஓர் எல்லையாக இருந்தது. நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் அவ்வெல்லை நீங்கிவிட்டது.

உவர் ஏறுதல் எவ்வளவு விரைவிற் கேடு செய்யும் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். குடிநீரில் குளோரைட்டு இலீற்றருக்கு 250 மில்லிகிராமுக்கு மேற்படின் உவர்ப்பு நாவில் தட்டும். கடல்நீரிலோ அஃது ஏறத்தாழ 19,000 மில்லிகிராம். எனவே நூறு குடம் நன்னீரில் ஒன்றரைக் குடம் கடல்நீர் கலந்தாலே அந்த எல்லை கடந்துவிடும். ஒருமுறை உவரேறிய கிணறு அடுத்த மழைக்கே திருந்திவிடும் என்று நம்பவும் இயலாது. பல மாரிகள் வேண்டியிருக்கலாம்.

தீவுகளில் நன்னீர் எங்கும் ஒரே தன்மையாக இல்லை. வேலணைத் தீவின் தென்கரையில் சாட்டி, மண்கும்பான் முதலிய ஊர்களில் மணற்படை உயர்ந்து கிடக்கின்றது. மழைநீரை உடனே உறிஞ்சி, வெயிலுக்குக் கொடாமல் காத்து, மெல்லக் கிணறுகளுக்கு விடுவது அம்மணலே. எனவே சாட்டிக் கிணறுகள் நல்ல தண்ணீருக்குப் பெயர்பெற்றவை. பல ஆண்டுகளாக அயலிலுள்ள ஊர்களுக்கும் புங்குடுதீவுக்கும் இங்கிருந்து பவுசர்களில் நீர் கொண்டுசெல்லப்பட்டு வந்துள்ளது. நெடுந்தீவில் சாராப்பிட்டிக் கிணறுகள் அத்தகைய சிறப்புடையன. ஏனைய இடங்களில், ஒரே வளவுக்குள் ஒரு கிணறு குடிக்கத்தக்கதாயும் மற்றொன்று குளிப்புக்கு மட்டுமே உரியதாயும் இருத்தல் வியப்பன்று. நல்ல தண்ணீர்க் கிணறு என ஒன்றைத் தனியே பெயரிட்டு வழங்கும் வழக்கமே ஏனையவை அத்தன்மையன அல்ல என்பதைக் காட்டுகின்றது. புங்குடுதீவிலும் நயினாதீவிலும் கோடையில் இவ்வேறுபாடு கூர்மையாகின்றது. நெடுந்தீவில் கடும் வறட்சி ஆண்டுகளில் காட்டுக் குதிரைகள் நீரின்றி மடிந்த செய்திகளும் உண்டு.

இனி, மிகுநீர் என்பது யாது என்னும் வினாவுக்கு வருதல் தகும். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைக் கொள்ளலாம். ஒரு சதுர கிலோமீற்றர் மணல் நிலத்தில் 1,200 மில்லிமீற்றர் மழை பெய்து, அதில் நாலில் ஒரு பங்கு நிலத்துக்குள் இறங்குவதாகக் கருதினால், ஆண்டுக்கு 300,000 கனமீற்றர் நீர் சேரும். இஃது அனைத்தும் எடுத்துக்கொள்ளத்தக்கதன்று. நன்னீரின் ஒரு பகுதி ஓயாது கடலை நோக்கி ஒழுகிக்கொண்டிருப்பதாலேயே கடல்நீர் உள்ளே புகாமல் நிற்கின்றது. அவ்வொழுக்கு வீண் அன்று, அதுவே வேலி. வேலியைப் பிடுங்கி அடுப்பெரித்தால் தோட்டம் நில்லாது. ஆகவே மூன்றில் ஒரு பங்கை மட்டுமே எடுப்பதாக வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 100,000 கனமீற்றர், அதாவது நாளுக்கு ஏறத்தாழ 270 கனமீற்றர் கிடைக்கும். ஆளுக்கு நாளொன்றுக்கு 50 இலீற்றர் வீதம் இஃது ஐயாயிரம் பேருக்குச் சற்று மேற்பட்டோர்க்குப் போதும். இக்கணக்கிலிருந்து அந்நிலத்து மக்களின் தேவையையும், வெங்காயம், மிளகாய், புகையிலைத் தோட்டங்களுக்கு இறைக்கும் நீரையும் கழித்தல் வேண்டும். கழித்தபின் எஞ்சுவதே மிகுநீர். பல ஆண்டுகளில் அது சிறுதொகையாகவே இருக்கும்; வறட்சி ஆண்டுகளில் ஒன்றும் இராமலும் போகலாம்.

இங்கு மற்றொரு நுட்பமும் கருதற்பாலது. கொடுக்கும் தீவுக்கும் பெறும் தீவுக்கும் ஒரே மேகமே மழை தருகின்றது. மார்கழி, தை மாதங்களில் சாட்டியில் நீர் மிஞ்சும்போது புங்குடுதீவிலும் கிணறுகள் நிரம்பியிருக்கும். ஆடி, ஆவணி மாதங்களில் புங்குடுதீவில் நீர் குன்றும்போது சாட்டியிலும் மட்டம் தாழ்ந்திருக்கும். நயினாதீவில் அம்மன் திருவிழா ஆனியில் நடைபெறுவதால், பல்லாயிரவர் வந்து கூடும் காலமும் வறண்ட காலமே. ஆகவே இங்கே குறை இடத்தினால் மட்டும் வருவதன்று, காலத்தினாலும் வருவது. இடத்தால் வரும் குறையைக் குழாய் தீர்க்கும்; காலத்தால் வரும் குறையைத் தேக்கமே தீர்க்கும். தேக்கம் இல்லாத குழாய், இரு வீட்டாரையும் ஒரே வேளையிற் பட்டினி போடுவதாய் முடியும்.

இவற்றை மனத்திற் கொண்டு, நீரைக் கொண்டுசெல்லும் வழிகளை ஒவ்வொன்றாக நோக்கலாம்.

முதலாவது, பவுசர் வண்டி. இதற்குப் பெரிய முதலீடு வேண்டா. தெரு உள்ள இடமெல்லாம் செல்லும். தேவை கூடினால் நடை கூடும். மழை பெய்தால் நிறுத்தலாம். ஆயின் நாட்செலவு மிகுதி. சாட்டியிலிருந்து குறிகட்டுவானுக்குப் பதினைந்து கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம். பத்தாயிரம் இலீற்றர் கொள்ளும் வண்டி போய்மீளப் பத்து இலீற்றர் அளவில் டீசல் வேண்டும் என மதிப்பிடலாம். எனவே ஒரு கனமீற்றர் நீருக்கு ஒரு இலீற்றர் டீசல் செலவாகின்றது. 2022இல் நாட்டில் எரிபொருள் தட்டுப்பாடு நேர்ந்தபோது, வண்டியையே நம்பி வாழ்தலின் இடர் எல்லோர்க்கும் விளங்கிற்று.

இரண்டாவது, தெருவோரமாகப் பதிக்கப்படும் குழாய். வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் வாணர் பாலம் வழியே குழாயைக் கொண்டுசெல்லலாம் என்பதே இதன் வசதி. நாளுக்கு 400 கனமீற்றர் நீரைப் பதினாறு மணி நேரத்தில் பதினைந்து கிலோமீற்றர் தூரம் தள்ளுவதாக ஒரு கணக்கை எடுக்கலாம். 110 மில்லிமீற்றர் புறவிட்டமுள்ள பொலித்தீன் குழாயாயின், உராய்வை வெல்வதற்கு மட்டும் நீரை 150 மீற்றர் உயரத்துக்கு ஏற்றும் வலிமை வேண்டும். 160 மில்லிமீற்றர்க் குழாயாயின் 25 மீற்றர் போதும். குழாயின் விட்டத்தை இரட்டித்தால், அதே நீருக்கு உராய்வு முப்பதில் ஒரு பங்காகக் குறையும் என்பது நீரியலாளர் அறிந்த விதி. மெல்லிய குழாய் வாங்கும்போது மலிவு, இயக்கும்போது விலையுயர்வு. அகன்ற குழாயில் ஒரு கனமீற்றர் நீரைக் கொண்டுசெல்ல ஏறத்தாழ 0.15 கிலோவாற்று மணி மின்சாரமே செலவாகும். ஓர் இலீற்றர் டீசலை மின்பிறப்பாக்கியில் எரித்தால் மூன்றரைக் கிலோவாற்று மணி அளவில் மின்சாரம் பெறலாம். ஆகவே பவுசரில் ஒரு கனமீற்றரைக் கொண்டுசெல்லும் அதே டீசல், குழாயில் இருபதுக்கும் மேற்பட்ட கனமீற்றர் நீரைக் கொண்டுசெல்ல வல்லது.

குழாயின் குறைகளையும் மறைத்தலாகாது. முதலீடு பெரிது. இணைப்புகளில் கசிவு நேரும். கடற்காற்றில் இரும்பு துருப்பிடிக்கும். வரும் நீரில் நாலில் ஒன்று வழியிலே கசியுமாயின், அந்நீர் சாட்டியின் வில்லையிலிருந்து பறிக்கப்பட்டு எவருக்கும் பயன்படாமற் போனதாகும். இவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. குழாயைத் திறந்தால் நீர் வரும் என்று மக்கள் பழகியபின், மூலத்தில் நீர் குன்றினாலும் இறைப்பை நிறுத்துதல் அரிதாகிவிடும். பவுசர் தன் இடர்ப்பாட்டினாலேயே ஓர் எல்லை வகுக்கின்றது. குழாய்க்கு எல்லையை மனிதரே வகுத்தல் வேண்டும்.

மூன்றாவது, குறிகட்டுவானுக்கு அப்பால் படகில் நீர் கொண்டுபோதல். நயினாதீவு கால்மணி நேரப் பயணத்தில் உள்ளது. நெடுந்தீவு ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஆயிரம் இலீற்றர்த் தாங்கி ஒன்று நிரம்பினால் ஒரு தொன் எடை. நிரம்பாத தாங்கியில் நீர் இருபுறமும் அலைந்து படகின் சமநிலையைக் குலைக்கும். சோழகக் காற்று வலுக்கும் மாதங்களே நீர் மிகவும் வேண்டும் மாதங்கள். அப்போதுதான் கடலும் கொந்தளிக்கும். ஏற்றல், இறக்கல், மறுபடி வண்டியில் ஏற்றல் என மும்முறை கைமாறுவதால் செலவும் மாசுபடும் வாய்ப்பும் மிகும். இடர்க்காலத்துக்கு இஃது உதவும். அன்றாட வாழ்வுக்கு இதனை நம்புதல் தகாது.

நான்காவது, கடலடிக் குழாய். புங்குடுதீவுக்கும் நயினாதீவுக்கும் இடையேயுள்ள கடல் ஆழமற்றது. இவ்வாறான இடத்திற் குழாய் பதித்தல் பொறியியலுக்கு அரிய செயலன்று. ஆயின் பொலித்தீன் நீரைவிட இலேசானது. குழாயினுள் இருக்கும் நன்னீரும் கடல்நீரைவிட இலேசானது. ஆகவே நிரம்பிய குழாயும் மேலே மிதக்க முயலும். அதனைக் கொங்கிறீற்று எடைகளால் அழுத்தி, இயன்றவிடத்துத் தரையில் வாய்க்கால் வெட்டிப் புதைத்தல் வேண்டும். நங்கூரமும் மீன்வலையும் அதற்குப் பகை. குழாயினுள் அழுத்தம் எப்போதும் வெளியழுத்தத்தினும் கூடியிருத்தல் வேண்டும். இன்றேல் சிறுவெடிப்பு வழியே கடல்நீர் உள்ளே புகும். துருக்கியிலிருந்து வட சைப்பிரசுக்குக் கடலினுள்ளே 80 கிலோமீற்றர் நீளக் குழாய் 2015இல் நிறைவேற்றப்பட்டது. அது 2020இன் தொடக்கத்தில் பழுதுற்றுப் பல மாதங்களுக்குப் பின்னரே திருத்தப்பட்டது. வல்லரசுகளின் பணமும் பொறியும் வாய்த்த இடத்திலேயே இஃது நேர்ந்ததாயின், சிறு தீவொன்று கடலடிக் குழாயை மட்டும் நம்பியிருத்தல் அறிவுடைமையாகாது.

நெடுந்தீவின் நிலை வேறு. 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ நாலாயிரம் பேர். தூரம் பெரிது, மக்கள் தொகை சிறிது. அத்தீவினுள்ளேயே சாராப்பிட்டியில் நன்னீர் உண்டு. ஆகவே அங்கு வேண்டுவது தீவுக்குத் தீவு நீர் கொண்டுபோதலன்று. தீவினுள்ளே ஒரு மூலையிலிருந்து ஏனைய ஊர்களுக்குக் கொண்டுபோதலாகும்.

ஐந்தாவது, தொலைவிலுள்ள பெருமூலத்திலிருந்து நீர் பெறுதல். இவ்வெண்ணம் புதியதன்று. பொறியியலாளர் ஆறுமுகம் 1950களில் வகுத்த திட்டம், யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்னும் பெயரால் அறியப்படுவது. கனகராயன் ஆற்று நீர் ஆனையிறவுக் கடனீரேரியில் விழுந்து உப்பாகிச் சுண்டிக்குளம் வழியே கடலுக்குச் செல்கின்றது. ஏரியை நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சிக் கடனீரேரிக்கு நீரைக் கொண்டுவந்து, தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகளால் தேக்கினால், குடாநாட்டின் நிலத்தடி நீர் ஊறிப்பெருகும் என்பது அத்திட்டத்தின் கருத்து. தடுப்பணைகள் எழுந்தன, வாய்க்கால் முற்றுப்பெறவில்லை. இத்திட்டத்தின் சிறப்பு, நீரை நேரே வீடுகளுக்குக் கொண்டுசெல்லாமல் நிலத்துக்குக் கொடுத்து, நிலத்தையே தாங்கியாக்கியதில் உள்ளது.

பின்னர், 2010ஐ அடுத்த ஆண்டுகளில், ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு இரணைமடுக் குளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குழாய்வழிக் குடிநீர் கொண்டுவரத் திட்டமிடப்பட்டது. கிளிநொச்சி உழவர் அதனை எதிர்த்தனர். தம் சிறுபோக நெல்லுக்கே நீர் போதாத ஆண்டுகள் உண்டு என்பதும், குடிநீர் எனும் பெயரால் ஒருமுறை கொடுக்கத் தொடங்கினால் வறட்சியிலும் மீட்க முடியாது என்பதும் அவர் கூற்று. குடாநாட்டு மக்களின் தேவையும் பொய்யன்று. வலிகாமத்தின் நிலத்தடி நீரில் உரத்தாலும் மலக்குழிகளாலும் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வுகள் பலகாலமாகக் காட்டிவந்தன. 2014, 2015ஆம் ஆண்டுகளில் சுன்னாகத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்த சிக்கலும் எழுந்தது. இரு பக்கத்திலும் நியாயம் இருந்தமையால் திட்டம் நீண்டநாள் இழுபட்டது. ஈற்றில், வடமராட்சி கிழக்கின் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைக்கப்பட்டு, நாளுக்கு 24,000 கனமீற்றர் ஆற்றலுடன் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. மிகுநீர் என்று பொறியியலாளர் எழுதுவதை, கொடுப்பவர் மிகுநீர் என்று ஏற்றுக்கொள்ளாவிடின் திட்டம் நடவாது என்பதே இவ்வரலாறு தரும் பாடம்.

கீரிமலையில் நன்னீர் ஊற்றாய்ப் பெருகிக் கடலிற் கலப்பதைக் கண்டோர், அதனைத் தீவுகளுக்குத் திருப்பலாமே என்று எண்ணுதல் இயல்பு. ஆயினும் கடலுக்குச் செல்லும் நீர் அனைத்தும் வீண் அன்று என்பது முன்னரே கூறப்பட்டது. அன்றியும், வலிகாமத்து நீரின் தூய்மையே ஐயத்துக்குரியதாயுள்ள நிலையில், அதனைத் தூர இடத்துக்கு அனுப்புதல் குறையைப் பகிர்ந்தளித்தலாக முடியக்கூடும்.

ஆறாவது, அவ்வவ்விடத்திலேயே கடல்நீரை நன்னீராக்குதல். நயினாதீவிலும் நெடுந்தீவிலும் இதற்கான சிறு நிலையங்கள் நிறுவப்பட்டுள்ளன. கடல்நீரை மிகுந்த அழுத்தத்தில் நுண்ணிய மென்றகட்டினூடு செலுத்தினால் நீர் கடந்துசெல்லும், உப்புப் பின்தங்கும். நூறு இலீற்றர் கடல்நீரில் நாற்பது இலீற்றர் அளவில் நன்னீர் கிடைக்கும். எஞ்சிய செறிந்த உவர்நீரைக் கடலுக்கே விடுதல் வேண்டும். ஒரு கனமீற்றருக்கு மூன்று முதல் நாலு கிலோவாற்று மணி மின்சாரம் செல்லும். அஃதாவது, பவுசர் ஒரு கனமீற்றர் நீரைச் சாட்டியிலிருந்து குறிகட்டுவானுக்குச் சுமந்துவரும் டீசலைக் கொண்டே ஏறத்தாழ ஒரு கனமீற்றர்க் கடல்நீரை அங்கேயே நன்னீராக்கிவிடலாம். கிணற்று உவர்நீராயின் மின்சாரம் இன்னும் குறையும். ஆனால் மென்றகடு மாற்றுதற்கும் இயந்திரத்தைப் பேணுதற்கும் பயின்ற கையும் இடையறாத பணமும் வேண்டும். மாலைதீவின் தலைநகர் மாலேயில் 2014 டிசம்பரில் நன்னீராக்கும் நிலையம் தீப்பற்றியபோது, ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் குடிநீரின்றித் தவித்தனர். அயல் நாடுகள் விமானத்திலும் கப்பலிலும் நீர் அனுப்பின. மாலேயின் நிலத்தடி நன்னீர் அதற்கு முன்னரே கெட்டுப்போயிருந்தமையே அவர்களுக்கு வேறு புகல் இல்லாமற் செய்தது. இயந்திரத்தை நம்பிக் கிணற்றைக் கைவிடலாகாது என்பதற்கு இதனின் வேறு சான்று வேண்டா.

ஏழாவது, வானத்து நீரை வீட்டிலேயே சேர்த்தல். ஐம்பது சதுர மீற்றர்க் கூரையில் 1,200 மில்லிமீற்றர் மழை விழுந்து, ஐந்தில் நாலு பங்கு பிடிபடுமாயின் 48,000 இலீற்றர் கிடைக்கும். நால்வர் கொண்ட குடும்பம் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் ஆளுக்கு இருபது இலீற்றர் வீதம் எட்டு மாதம் பயன்படுத்த 20,000 இலீற்றருக்குக் குறைவாகவே வேண்டும். எனவே கூரையில் நீருக்குக் குறைவில்லை, தாங்கிக்கே குறைவு. கோயில், பாடசாலை முதலியவற்றின் அகன்ற கூரைகள் இதற்கு மிகவும் ஏற்றவை. குளங்களையும் கேணிகளையும் தூர்வாருதலும் நன்றே. ஆயினும் கோடையில் நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீற்றர் நீர் ஆவியாகுமெனின், இருநூறு நாளில் ஒரு மீற்றர் ஆழம் போய்விடும். ஆகவே குளம் நீரைத் தேக்கிவைப்பதற்கு மட்டுமன்றி, நிலத்துக்குள் நீரை இறக்குவதற்கும் உரியது என்று கொள்ளல் வேண்டும்.

இவ்வேழு வழிகளையும் ஒப்பிடுமிடத்து, ஐந்து அளவைகளால் அவற்றை நிறுத்தல் தகும். மூலத்தில் வறட்சி ஆண்டிலும் எஞ்சும் நீர் எவ்வளவு? அந்நீரின் தன்மை யாது? ஒரு கனமீற்றருக்கு எரிபொருள் எவ்வளவு? ஒன்று பழுதுபட்டால் மற்றொன்று உண்டா? கொடுப்போர் மனமுவந்து கொடுக்கின்றனரா? சிங்கப்பூர் 1962ஆம் ஆண்டு உடன்படிக்கையின்கீழ் ஜொகூரிலிருந்து நாளுக்கு 250 மில்லியன் கலன் வரை நீர் பெறும் உரிமை உடையது. அது 2061 வரை செல்லும். அளவும் விலையும் காலமும் எழுத்தில் இருந்தும், விலையைப் பற்றிய பிணக்குத் தீர்ந்தபாடில்லை. அந்நகரும் அதனையே நம்பியிராது, பயன்படுத்திய நீரைத் தூய்மையாக்கியும் கடல்நீரை நன்னீராக்கியும் பிறவழிகளைத் தேடிக்கொண்டது.

இவ்வளவைகளாற் பார்க்குமிடத்து, தீவுகளுக்கு ஏற்ற ஒழுங்கு ஒருவாறு புலனாகின்றது. குடிப்பதற்கும் சமைப்பதற்கும் வேண்டிய நீரைக் கூரையிலிருந்து பெறுதல் முதலிடம் பெறும். அஃது எவருடைய பங்கையும் குறைப்பதன்று. புங்குடுதீவுக்கும் குறிகட்டுவானுக்கும் அகன்ற குழாய் நன்று. ஆயின் அது சாட்டியை மட்டும் மூலமாகக் கொள்ளாது, குடாநாட்டின் குழாய்த் தொடரோடும் இணைக்கத்தக்கதாய் அமைதல் வேண்டும். நயினாதீவுக்கு நன்னீராக்கும் நிலையமும் திருவிழாக் காலத்துக்கென முன்கூட்டியே நிரப்பிய தாங்கிகளும் பொருந்தும். நெடுந்தீவுக்குச் சாராப்பிட்டியைக் காத்தலும் அதற்குத் துணையாக நன்னீராக்கும் நிலையமும் பொருந்தும். படகும் பவுசரும் இடர்க்காலத்துக்கெனக் கைவசம் இருத்தல் வேண்டும்.

இவை அனைத்துக்கும் முன்னே நிற்பது மூலத்தைக் காத்தலாகும். சாட்டியிலும் மண்கும்பானிலும் மணல் அகழ்தல் அப்பகுதி மக்களின் நெடுநாள் முறைப்பாடு. மணல் போனால் நீரைத் தாங்கும் பாத்திரமே போய்விடும். பாத்திரம் போனபின் குழாய் எதற்கு? ஆழமான ஒரு கிணற்றிலிருந்து விரைந்து இறைப்பதை விட்டு, ஆழமற்ற பல கிணறுகளிலிருந்தோ, மணலில் கிடையாகப் பதித்த துளைக் குழாய்களிலிருந்தோ மெல்ல எடுத்தல் உவர் மேலெழுவதைத் தடுக்கும். கிணற்று மட்டத்தையும் உவர்ப்பையும் கிழமைதோறும் அளந்து, அவ்வளவை ஊர்மக்கள் காணும் இடத்தில் எழுதிவைத்தல் வேண்டும். இன்ன அளவு உவரேறினால் வெளியூருக்கு நீர் அனுப்புதல் நின்றுவிடும் என்னும் விதி, குழாய் பதிக்குமுன்னரே இருசாராரும் ஒப்பி எழுதியதாய் இருத்தல் வேண்டும். வறட்சி வந்தபின் எழுதும் விதிக்கு எவரும் பணியார்.

நீரைக் கொடுப்பவர் தம் பிள்ளைகளின் நீரைக் கொடுக்கவில்லை என்ற உறுதியும், பெறுபவர் நாளை நின்றுவிடும் நீரைப் பெறவில்லை என்ற உறுதியும் அமையுமாயின், தீவுக்குத் தீவு நன்னீர் செல்லுதல் இயலும். அவ்வுறுதியைத் தருவது குழாயின் பருமனன்று. கிணற்றில் இறங்கும் அளவுகோலும், அதன் சொல்லுக்கு இருசாராரும் கட்டுப்படும் ஒழுங்குமே ஆகும்.